எரிந்த ஏடும் எரியாத கம்பனும்

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் பேருந்தில் ஏறினால் அரைமணி நேரத்துக்குள் கரிவலம்வந்தநல்லூர் வந்துவிடும். இறங்கியதும் கண்ணில் படுவது பால்வண்ணநாதர் கோயில் கோபுரம். பக்கத்தில் நிட்சேப நதி. தென்பாண்டிச் சீமையின் இந்த மூலைக்கென்று தனியாக ஐந்து பஞ்சபூதத் தலங்கள் சொல்வார்கள். சங்கரன்கோவில் நிலம், தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம், கரிவலம் நெருப்பு. இந்த ஊரில் நின்று நெருப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வேறொரு தீ நினைவுக்கு வருகிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், ஏட்டுச் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சாமிநாதையர் இங்கே வந்தார். இந்த ஊரில் இருந்து ஆண்ட வரதுங்கராம பாண்டியன் பெரும் புலவன். பிள்ளை இல்லாதவன். அவன் இறந்தபோது பால்வண்ணநாதரே மகனாக நின்று கடைசிக் காரியம் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. மகனுக்குச் சேரவேண்டிய சொத்தெல்லாம் கோயிலுக்குச் சேர்ந்தது. அவன் சேர்த்துவைத்த சுவடிகளும் அதில் அடக்கம். அந்தப் புத்தகசாலையைப் பார்க்கத்தான் ஐயர் வந்தார். கோயில் அலுவலரிடம் விசாரித்தார். ஏடுகள் இல்லை. சிதிலமான பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட வேண்டும் என்று ஆகமத்தில் இருப்பதாகவும், அப்படியே தீ வளர்த்துப் போட்டுவிட்டதாகவும் பதில் வந்தது. ‘என் சரித்திரம்’ நூலில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எரித்தவர்களுக்கு அந்த ஏடுகள்மீது பகை ஏதும் கிடையாது. மரியாதையாகத்தான் எரித்தார்கள். அவற்றைப் பிரித்துப் படித்து, “இந்த அடி சரியில்லை, இந்த இடம் தொய்வு” என்று சண்டை பிடிக்க ஓர் ஆள் அந்த ஊரில் அப்போது மிஞ்சியிருக்கவில்லை.

அப்படிச் சண்டை பிடித்த காலமும் இதே ஊருக்கு உண்டு. தென்காசியில் இருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியனும் கரிவலத்தில் இருந்த வரதுங்கராமனும் அண்ணன் தம்பிகள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. தாயாதிகள் என்பார்கள் வரலாற்றுக்காரர்கள். எப்படியிருந்தாலும் அரசாட்சியில் பங்காளிகள், கவிதையில் கூட்டாளிகள். அதிவீரராமன் நைடதம் பாடி முடித்ததும், பார்த்துச் சொல்லும்படி கரிவலத்துக்கு அனுப்பிவைத்தானாம். வரதுங்கன் அதைத் தன் மனைவியிடம் கொடுத்தான். அவள் நல்ல தமிழ் படித்தவள். படித்துவிட்டு மனதில் பட்டதை மறைக்காமல் சொன்னாள்: வேட்டை நாய் புறப்படும்போது பாய்ச்சலாகப் பாயும், போகப்போக இளைத்துப்போகும், இந்த நூலும் அப்படித்தான். பேச்சு தென்காசிக்குப் போய்ச் சேர்ந்தது. அதிவீரராமன் படை திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நடுவில் அண்ணி அனுப்பிய ஓலை அவன் கோபத்தைத் தணித்தது என்று கதையை முடிப்பவர்கள் உண்டு.

நடந்ததோ இல்லையோ, இந்தக் கதையை இத்தனை தலைமுறை மறக்காமல் சொல்லிவந்ததற்குக் காரணம் இருக்கிறது. கவிதை நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி, யார் பெரியவன் என்ற கேள்வியாக மாறுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே சங்கரன்கோவிலில் சங்கனும் பத்மனும் என்று இரண்டு நாகராசர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வழக்காடிய கதைதான் தலபுராணம். கோமதி அம்மன் தவமிருந்து, இருவரும் ஒரே திருமேனியாக வந்து நின்றதை ஆடித்தபசு என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். கரிவலத்தில் ஆவணித்தபசு. வழக்கு தீர்ந்ததைத் திருவிழாவாக வைத்துக்கொண்ட வட்டாரம் இது.

அரசியல் பிளவு இன்று போகாத இடம் இல்லை. சினிமா ரசிகர் மன்றம், கிரிக்கெட் அணி, காலைநடை கோஷ்டி, பஜனைக் குழு என்று சும்மா ஆசைக்காகக் கூடுகிற இடங்களில்தான் அது பெரிய சேதத்தை உண்டாக்குகிறது. கட்சி அலுவலகத்தில் சண்டை வந்தால் அது தொழில்நிமித்தம். பொழுதுபோக்கு வட்டத்தில் சண்டை வந்தால், அடுத்த வாரம் வரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சம்பளமும் இல்லை, சாதிக்கட்டும் இல்லை. பிடித்திருந்தது, வந்தோம். பிடிக்கவில்லை, வரவில்லை. அவ்வளவு மெல்லிய நூல்.

நான் போய்க்கொண்டிருந்த வாசகர் வட்டம் ஒன்றும் அப்படித்தான் அறுந்தது. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, பத்துப் பதினைந்து பேர், தூக்குவாளியில் டீ. பல வருஷம் ஓடியது. ஒரு தேர்தல் நேரம். ஒரு சிறுகதையில் வரும் ஊர்ப் பெரியவரைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பாத்திரம் எந்தக் கட்சித் தலைவரைக் குத்துகிறது என்று ஒருவர் ஆரம்பித்தார். இன்னொருவர் குரல் உயர்ந்தது. “அண்ணாச்சி, இத இங்கன பேசணுமா?” என்று மூன்றாமவர் தடுத்தார். அதுவே அவருக்கும் ஒரு கட்சி முத்திரை குத்தப் போதுமானதாக இருந்தது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். அடுத்த மாதம் மிச்சமிருந்தவர்கள் கூடி, இனி இங்கே அரசியல் பேசக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். நானும் கைதூக்கினேன். அதுதான் வட்டத்தின் மேல் நாங்கள் போட்ட மண் என்பது பிறகு புரிந்தது. அரசியலைத் தொடாமல் பேச ஒரு நாவல் அகப்படவில்லை. சாதி வந்தால் நிறுத்து, நிலம் வந்தால் நிறுத்து, கோயில் வந்தால் நிறுத்து. கடைசியில் எழுத்தாளரின் நடையழகைப் பற்றி மட்டும் பேசினோம். ஒரு வருஷத்தில் டீ வாங்கப் போக ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் பழைய வட்டங்கள் எப்படித் தாக்குப்பிடித்தன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

வண்ணார்பேட்டை முற்றம்

ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் தென்காசிக்காரர். 1882இல் பிறந்து 1954 பிப்ரவரியில் மறைந்தவர். வக்கீல் படிப்பு படித்தார், வக்கீலாகப் பேர் எடுக்கவில்லை. 1927 முதல் 1930 வரை சென்னை சட்டமேலவை உறுப்பினர், பிறகு 1935 வரை அறநிலையப் பாதுகாப்பு வாரியத்தின் ஆணையர். இவையெல்லாம் இன்று யாருக்கும் நினைவில்லை. நினைவில் இருப்பது அவருடைய வீட்டு முற்றம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் குடியிருந்த வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் 1920களில் நண்பர்கள் கூடிப் பாட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள். வட்டத்தொட்டி என்ற பெயர் அப்படி வந்தது. சந்தா கிடையாது, தீர்மானப் புத்தகம் கிடையாது, செயலாளர் கிடையாது.

யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான், வெள்ளைக்கார அரசின் வருவாய்த்துறையில் வேலை பார்த்தவர். எஸ்.மகாராஜன், நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்து பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனவர். ஏ.சி.பால் நாடார், கிறிஸ்தவர். மீ.ப.சோமு, வானொலிக்காரர். இவர்களோடு கல்கி. அதே வெள்ளைக்கார அரசு பிடித்துச் சிறையில் போட்ட காங்கிரஸ்காரர். அரசாங்கச் சம்பளம் வாங்கியவரும் அரசாங்கச் சிறையில் களி தின்றவரும் ஒரே கம்பன் பாட்டுக்குத் தலையாட்டினார்கள். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. காங்கிரஸ்காரரோடு பழகுகிறார் என்ற ஒரு வரி போதும், உத்தியோகத்துக்கு ஆபத்து.

இதைவிடக் கடினமான சோதனை சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது. டி.கே.சி. அப்போது குற்றாலத்தில் இருந்தார். வட்டத்தொட்டியும் அவர் கூடவே அருவிக்கரைக்குப் போயிற்று. ராஜாஜி அவருடைய நெருங்கிய நண்பர். 1952இல் முதலமைச்சரானதும் கம்யூனிஸ்டுகளே தம்முடைய முதல் எதிரி என்று சட்டமன்றத்தில் அறிவித்தவர் ராஜாஜி. அதே குற்றாலத்து வீட்டுக்கு இடைசெவலிலிருந்து ஓர் இளைஞர் போய்வந்தார். விவசாயி, கம்யூனிஸ்டுக் கட்சிக்காரர், 1947க்கும் 1951க்கும் இடையில் விவசாயிகள் போராட்டத்துக்காக இரண்டு தடவை சிறை போனவர். கி.ராஜநாராயணன். நெல்லைச் சதி வழக்கில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலம் அது. காங்கிரஸ் அரசின் பெருந்தலைவரும், அந்த அரசு தேடிய கட்சியின் தொண்டரும் ஒரே வீட்டு விருந்தாளிகள். தொண்டரை டி.கே.சி. ஒருநாளும் கட்சியை விட்டு வா என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டதாக இல்லை. கி.ரா. தம் கடைசிக் காலம்வரை டி.கே.சி.யைக் குருவின் இடத்தில் வைத்தே பேசினார், எழுதினார். கரிசல் பேச்சைப் பேசுகிறபடியே எழுதலாம் என்ற துணிச்சலின் ஒரு வேர் அந்த முற்றத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். எழுத்து பேச்சைப் போல இருக்கவேண்டும் என்பது டி.கே.சி. விடாமல் சொன்ன விஷயம்.

இவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார எப்படி முடிந்தது? டி.கே.சி. படிக்கிற முறையில் அதற்குப் பதில் இருக்கிறது. ஒரு பாட்டை எடுத்தால் லேசில் விடமாட்டார். ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்வார், நிறுத்துவார், மறுபடி சொல்வார். ஒரு மாலை முழுக்க ஒரே பாட்டில் போய்விடும். கேட்பவருக்கு அந்த நேரம் கண் பாட்டின் மேல் இருக்கும், பக்கத்தில் இருப்பவரின் மேல் இருக்காது. நாங்கள் எங்கள் வாசகர் வட்டத்தில் கதையைப் பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசினோம். வேறுபாடு அங்கேதான்.

அந்த முற்றத்தில் கருத்து வேறுபாடு இல்லை என்று நினைக்க வேண்டாம். கம்பராமாயணத்தில் ஆயிரக்கணக்கான பாட்டு இடைச்செருகல் என்று டி.கே.சி. தள்ளினார். சில பாட்டுகளில் சொற்களைத் தம் காதுக்கு இசைந்தபடி திருத்தினார். தமிழ்ப் பண்டிதர்கள் கொதித்துப்போனார்கள். ஏடு பார்த்துப் பதிப்பிக்கிற வேலைக்கு அவர்களுடைய கொதிப்பு நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. காதை மட்டும் நம்பி ஏட்டைத் திருத்தக் கூடாது. ஆனாலும் அந்தச் சண்டை முழுக்கக் கம்பனைப் பற்றியதாகவே இருந்தது. எந்தப் பாட்டு கம்பனுடையது என்று கேட்க, இரண்டு தரப்பும் கம்பனை இன்னும் ஒரு தடவை முழுக்கப் படிக்க வேண்டியிருந்தது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வட்டத்தொட்டிக்கு வாசல் இருந்தது. அந்த வாசலுக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், உத்தியோகம் பார்த்தவர்கள், ஆண்கள். கூலி வேலை முடித்து வருகிறவருக்கு அந்த மாலை நேரம் கிடையாது. சேரியிலிருந்து ஒருவர் வண்ணார்பேட்டை வீட்டு முற்றத்தில் வந்து சமமாக உட்காரும் காலமும் அது இல்லை. யாருக்குக் கோபம் அதிகமோ அவர் வெளியே இருக்கும்போது உள்ளே இருப்பவர்கள் இங்கிதமாகப் பேசிக்கொள்வது சுலபம். அந்தக் கோபம் வாசலைத் தட்டிய நாளும் வந்தது. தட்டியவர் காஞ்சிபுரத்துக்காரர்.

கொளுத்தலாமா என்று ஒரு விவாதம்

1943இல் பெரியாரின் இயக்கம் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அறிவித்தது. ஆரியக் கலாசாரத்தைத் தமிழன் தலையில் ஏற்றிய நூல்கள், சாதியை நியாயமாக்கும் நூல்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பனைப் படித்துப் படித்து உருகியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! அன்று தமிழ் ரசனை என்றாலே கம்பன்தான். அந்த ஆசையின் அடிவயிற்றிலேயே கைவைத்தது கட்சி அரசியல்.

வீட்டுக்குள் இருந்து திட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் மேடை போட்டார்கள். 1943 பிப்ரவரி 9ஆம் நாள், சென்னை சட்டக்கல்லூரி மண்டபம். ஒரு பக்கம் அந்தக் காஞ்சிபுரத்துக்காரர், 33 வயது அண்ணாதுரை. எதிர்ப்பக்கம் ரா.பி.சேதுப்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழறிஞர், நெல்லை ராஜவல்லிபுரத்துப் பிள்ளை. தலைமை சி.எம்.ராமச்சந்திரஞ் செட்டியார். ஒரு மாதம் கழித்து, மார்ச் 14ஆம் நாள், சேலத்தில் மறுபடியும். இந்தத் தடவை அண்ணாவுக்கு எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். எட்டயபுரத்தில் பாரதியின் இளமைத் தோழர், வயது 63. தலைமை சேலம் கல்லூரி முதல்வர் அ.ராமசாமிக் கவுண்டர். இரண்டு விவாதங்களும் ‘தீ பரவட்டும்’ என்ற நூலாக வந்தன.

அந்த விவாதத்தின் தலைப்பை நினைத்துப் பாருங்கள். ஒரு நூலை எரிக்கலாமா கூடாதா. இதைவிடச் சூடான தலைப்பு இருக்க முடியாது. இருந்தும் அது ஒழுங்காக நடந்தது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட தலைவர் ஒருவர். ஆளுக்கு நேரம். ஒருவர் பேசி முடித்தால் அடுத்தவர். எதிராளியின் பேர் சொல்லி, படிப்பைச் சொல்லி, மரியாதைச் சொல் விடாமல் தாக்குவது. பாட்டை எடுத்துக்காட்டிப் பேசுவது. அண்ணா கம்பனைப் படிக்காமல் அந்த மேடைக்கு வரவில்லை. ‘கம்பரசம்’ எழுதியவரின் கம்பன் படிப்பு, கம்பன் பக்தர்கள் பலருடைய படிப்புக்குக் குறைந்ததில்லை. அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. சில இடங்களில் பாட்டை அதன் சூழலிலிருந்து பிய்த்து எடுத்து வைத்தார் என்பது என் எண்ணம். ஆனால் சாதி இழிவைச் சுமந்தவர்கள் பக்கம் நின்று, இந்த அழகு யாருக்கு என்ன செய்தது என்று அவர் கேட்ட கேள்வி நேர்மையான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமலே கம்பனை ரசித்துக்கொண்டிருந்தால் கம்பன் ஒரு முற்றத்துக்குள் முடிந்திருப்பான்.

விவாதம் கைகலப்பில் முடியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் இன்று நமக்கு இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மேடையில் எதிரெதிரே நின்றவர்கள் மற்ற எல்லா மேடைகளிலும் எதிரெதிரே நிற்கவில்லை. சோமசுந்தர பாரதியார் 1937 முதல் 1939 வரை நடந்த இந்தி எதிர்ப்பில் முன்வரிசைத் தலைவர். அண்ணா அதே போராட்டத்தில் சிறை போனவர். அப்போது எதிர்ப்பக்கம் இருந்தவர் இந்தியைக் கட்டாயமாக்கிய ராஜாஜி. அந்த ராஜாஜியும் டி.கே.சி.யும் கல்கியும் 1941க்குப் பிறகு தமிழிசைக்காக வாதாடியபோது, அதே பக்கம் நின்று எழுதினார் அண்ணா. இந்தியில் ஒரு பிரிவு, இசையில் இன்னொரு பிரிவு, கம்பனில் வேறொரு பிரிவு. முந்தாநாள் உங்களோடு ஒரே ஊர்வலத்தில் வந்தவரை இன்று மேடையில் எதிர்க்கும்போது நாக்கு கொஞ்சம் அடங்கும். நாளைக்கு அவர் துணை வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். இப்போது ஒருவருடைய கட்சி தெரிந்தால் போதும், அவருக்குப் பிடித்த இயக்குநர், பாடகர், கிரிக்கெட் வீரர் வரைக்கும் நாமே முடிவுகட்டி விடுகிறோம். குறுக்கே ஓடும் வாய்க்கால்களையெல்லாம் அடைத்துவிட்டு ஒரே ஒரு பெரிய கரையைக் கட்டி வைத்திருக்கிறோம். வெள்ளம் வந்தால் அது உடையத்தான் செய்யும்.

நேரத்துக்கு ஆரம்பித்த காரைக்குடி

காரைக்குடி கம்பன் கழகத்தை 1939இல் தொடங்கியவர் சா.கணேசன். முதல் கம்பன் விழாவுக்குத் தலைமை டி.கே.சி. கணேசன் காந்தியோடு நின்ற காங்கிரஸ்காரர், பிற்பாடு ராஜாஜியின் சுதந்திராக் கட்சியில் சேர்ந்து 1962இல் சட்டமன்றத்துக்குப் போனவர். தனியார் சொத்துக்கும் தொழிலுக்கும் அரசு தடை போடக்கூடாது என்ற கட்சி அது. அவர் போட்ட மேடையில் வந்து கம்பனைப் பேசியவர் ப.ஜீவானந்தம். சொத்துடைமையையே ஒழிக்க வேண்டும் என்ற கட்சியின் தலைவர், பூதப்பாண்டிக்காரர், சுயமரியாதை இயக்கத்தில் தொடங்கிப் பெரியாரைப் பிரிந்து வந்தவர். மக்கள் கவிஞன் கம்பன் என்பது ஜீவாவின் வாதம். கம்பன் பாடிய கோசலத்தில் இல்லாமை இல்லாததை அவர் பொதுவுடைமைக் கனவாகப் படித்தார். கணேசனுக்கு அந்தப் படிப்பு ஒப்புதலாக இருந்திருக்க வழியில்லை. ஆனாலும் கூப்பிட்டார்.

காரைக்குடி விழாவைப் பற்றிப் பெரியவர்கள் முதலில் சொல்வது நேர ஒழுங்கை. குறித்த நேரத்துக்கு விழா தொடங்கும், யாருக்காகவும் காத்திராது, பேச்சாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவருக்கு ஒதுக்கிய நேரம்தான். இதைக் கண்டிப்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு இதில் பெரிய மரியாதை தெரிகிறது. அமைச்சருக்கும் அதே மணி, அவரை எதிர்க்கிறவருக்கும் அதே மணி என்றால், யார் பெரியவர் என்ற கேள்வியைக் கடிகாரமே தீர்த்துவிடுகிறது. எங்கள் வட்டத்தில் நாங்கள் போட்ட விதி, எதைப் பேசக்கூடாது என்பது. கணேசன் போட்டது, எவ்வளவு நேரம் பேசலாம் என்பது.

பேச்சை வரையறுக்கும் விதியால் பயன் வந்த இடமும் உலகில் உண்டு. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் முடிந்து, அரசன் தலை உருண்டு, மறுபடி முடியாட்சி திரும்பிய 1660இல் ராயல் சொசைட்டி தொடங்கியது. குரோம்வெல்லின் தங்கையைக் கட்டிய ஜான் வில்கின்ஸும், அரசன் பக்கம் நின்ற ராபர்ட் மோரேயும் அதில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மதமும் அரசாட்சியும் தவிர மற்றதைப் பேசுவோம் என்று வைத்துக்கொண்டார்கள். காற்றுப்பம்பைப் பற்றிப் பேசும்போது அது நடக்கும். கதையும் பாட்டும் நாடகமும் பேசுகிற கூட்டத்துக்கு அந்த விதி பொருந்தாது. மனிதன் வருகிற இடத்துக்கெல்லாம் அரசியலும் வந்துவிடும்.

எதிராளியை மதிப்பதற்குச் சதுரங்கத்திலிருந்தும் ஒரு செய்தி. கார்ப்போவும் காஸ்பரோவும் 1984 முதல் 1990 வரை உலகப் பட்டத்துக்காக 5 முறை மோதினார்கள். ஒருவர் சோவியத் ஆட்சியின் செல்லப்பிள்ளை, மற்றவர் ஆட்சியை எதிர்த்து வளர்ந்தவர். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத வருஷங்கள் உண்டு. 2007 நவம்பரில் மாஸ்கோவில் எதிர்ப்பு ஊர்வலம் போனதற்காகக் காஸ்பரோவை 5 நாள் உள்ளே வைத்தார்கள். அவரைப் பார்க்கச் சிறை வாசலுக்கு வந்தவர்களில் கார்ப்போவும் ஒருவர். அனுமதி கிடைக்காமல் திரும்பினார். அவருடைய அரசியல் அதற்குப் பிறகும் மாறவில்லை. பலகைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன் சிறையில் இருக்கிறான், போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, போனார்.

கம்பனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். 1967இல் அண்ணா முதலமைச்சரானார். அடுத்த ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. மெரினா கடற்கரையில் பத்துச் சிலைகள் வைத்தார்கள். வள்ளுவர், ஔவையார், கண்ணகி, வீரமாமுனிவர், போப், கால்டுவெல், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி. பத்தாவது கம்பர். தீ பரவட்டும் என்று முழங்கியவரின் ஆட்சியில் கம்பனுக்குக் கடற்கரையில் சிலை. அண்ணா தம் விமரிசனத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். கம்பனின் தமிழ் எல்லோருக்கும் பொது, கம்பனோடு எனக்குள்ள வழக்கு தனி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அதைப் பார்க்க டி.கே.சி. இல்லை, கல்கி இல்லை, சோமசுந்தர பாரதியார் இல்லை, சேதுப்பிள்ளை இல்லை, ஜீவா இல்லை. எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ராஜாஜி இருந்தார். 1967 தேர்தலில் அண்ணாவோடு கூட்டணி வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில் கம்பன் கழகங்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. சென்னைக் கம்பன் கழகத்துக்கு நீண்டகாலம் தலைவராக இருந்தவர் நீதிபதி மு.மு.இஸ்மாயில், நாகூர்க்காரர். கம்பனைக் கொளுத்தத்தான் வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லாமல் இருந்திருந்தால் இத்தனை கழகங்கள் வந்திருக்குமா என்பது சந்தேகம். எதிர்ப்பு வந்த பிறகுதான் ரசிகர்கள் முற்றத்தைவிட்டுத் தெருவுக்கு வந்து, பந்தல் போட்டு, எல்லோரும் கேட்கும்படி கம்பனைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மறுபடியும் கரிவலத்துக்கு வருகிறேன். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து, அந்தப் புத்தகசாலை எங்கே இருந்திருக்கும் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்த மண்டபம், எந்தச் சுவர். பக்கத்தில் இரண்டு பெரியவர்கள் உள்ளூர் அரசியலை உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வேட்டியில் ஒரு கரை, இன்னொருவர் வேட்டியில் இன்னொரு கரை. பேச்சு ஏறிக்கொண்டே போயிற்று. நடை சாத்துகிற நேரம் மணி அடித்ததும் இரண்டு பேரும் எழுந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி போல. விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடர்ந்தது.

இங்கிருந்து அதிக தூரமில்லாத சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். காவடிச்சிந்து பாடியவர். அவருடைய சிந்து அச்சேறும் முன்பே வாய்க்கு வாய் பரவிவிட்டது. பாடுகிறவர்கள் இருந்ததால் அதற்கு அழிவு வரவில்லை. கரிவலத்து அரசனின் நூல்களுக்கும் அதுதான் கை கொடுத்திருக்கிறது. அவனுடைய சொந்த ஏடுகள் இந்தக் கோயிலில் நெய்யோடு எரிந்துபோயின. பால்வண்ணநாதர்மேல் பாடிய திருக்கருவை அந்தாதிகள் மூன்றும் எரியவில்லை. வேறு வேறு ஊர்களில், வேறு வேறு வீடுகளில், ஓதுகிறவர்கள் படி எடுத்து வைத்திருந்தார்கள். பதிற்றுப்பத்தந்தாதியைக் குட்டித் திருவாசகம் என்று சொல்லி இன்றும் ஓதுகிறார்கள். அதைப் பாடியது கரிவலத்து வரதுங்கனா, படை திரட்டிக்கொண்டு கிளம்பிய தென்காசி அதிவீரராமனா என்று தமிழறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.